பிழையைத் தேடும் முறை



இரவில் கடை அடைத்துக் கணக்குப் பார்க்கும்பொழுது கல்லாவுக்கும் ஏட்டுக்கும் வித்தியாசம் வந்தால், பழகிய கணக்கப்பிள்ளை ஏடு முழுவதையும் அடித்து எழுத முற்படுவதில்லை. வித்தியாசத் தொகையை 9ஆல் வகுத்துப் பார்ப்பார். மீதியின்றி வகுபட்டால், 63 வெள்ளியை 36 என இலக்கம் மாற்றி எழுதியிருக்கலாம் என்று ஊகித்து அந்த இடத்தைத் தேடுவார். கணினிக்கு நிரல் எழுதுவோர் பிழை திருத்தும் முறையும் ஏறக்குறைய இதுவேயாகும்.

அவர்கள் பிழையைப் 'பூச்சி' என்று சொல்வார்கள். 1947 செப்டம்பர் 9ஆம் தேதி, அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையில் மார்க் 2 என்னும் யந்திரத்துள் மெய்யாகவே ஓர் அந்துப்பூச்சி அகப்பட்டது. (சொல் அதற்கும் முந்தியது, 1878லேயே எடிசன் எழுதியிருக்கிறார்.) அவர்கள் பூச்சியைத் தூக்கி எறியாமல் குறிப்பேட்டிலேயே ஒட்டி வைத்தார்கள். அதுதான் நமக்குப் பிடித்த செய்கை.

வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டிய சம்பவம் வேறொன்று உண்டு. நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வியாபார ஸ்தாபனம், 2012ஆம் ஆண்டில் தன் எட்டுக் கணினிகளில் புதிய நிரலை ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில்தான் ஏற்றினார்கள். எட்டாவதில், 2003லேயே உபயோகம் நின்றுபோன பழைய நிரல் அழிக்கப்படாமல் கிடந்தது. ஆகஸ்டு 1ஆம் தேதி சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டு ஓயாமல் பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கிற்று. பிழை இருப்பதைக் காட்டும் 97 மின்னஞ்சல்கள் சந்தை திறக்குமுன்பே வந்திருந்தன, எவரும் பொருட்படுத்தவில்லை. பிறகு பதற்றத்தில், பழுது இன்ன இடத்தில் என்று அறியாமலே, சரியாயிருந்த ஏழு கணினிகளிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள். ஒன்றிலிருந்த பிழை எட்டுக்கும் பரவியது. சுமார் 45 நிமிஷத்தில் நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல்!

நம் குணத்திலுள்ள குறைக்கும் இம்முறை பொருந்தும். வாடிக்கையாளரிடம் சீறி விழும் ஒருவர், "நான் பிறவியிலேயே கோபக்காரன்" என்று சொல்லிவிடுகிறார். இது ஏடு முழுவதையும் அடிப்பதற்கு ஒப்பாகும். எந்த வேளையில், யாரிடம், எதன் பின்னால் கோபம் வருகிறது என்று சில நாள் குறித்து வரட்டும். ஒரு நாள் போதாது. யந்திரத்தைப் போல மனிதன் தினமும் ஒரேவிதமாக நடப்பதில்லை. பாக்கி கேட்டு ஆள் வந்துபோன பின்புதான் சீறுகிறார் என்று தெரிந்தால், அந்த நேரத்தை மட்டும் கடை மூடிய பிறகு வைத்துக்கொள்ளலாம். அதோடு சிப்பந்தியையும் மாற்றி, கடன் கொடுப்பதையும் நிறுத்தினால், எதனால் குணமாயிற்று என்பது விளங்காது.

நிரல் எழுதியவர் தம் எழுத்தைப் பிறரிடம் காட்டுவதும் வழக்கம். தாம் எழுத நினைத்ததையே அவர் கண் வாசிக்கும், எழுதியதை அன்று. நமக்கும் மனைவியோ பழைய சிப்பந்தியோ சொல்லக் கூடும். சொன்னவரை முறைத்தால் 98ஆவது கடிதம் வராது.

திருத்திய பின்னும் அவர்கள் அந்தச் சோதனையை விடுவதில்லை. நிரலில் எதை மாற்றினாலும் மறுபடி நடத்துவார்கள். கோபம் தணிந்தவர் புதிய கிளை திறக்கும்பொழுதும் பழைய குறிப்பேட்டை எடுத்து, மீண்டும் ஒரு வாரம் எழுதிப் பார்க்கலாம்.