நாய்க்கு வராத நோய் நமக்கு வருவது ஏன்?

"டாக்டர்... அப்பாவுக்கு ரத்தத்துல கேன்சரா இருக்குமோ?"

கேட்ட அந்தப் பெண்ணின் குரல் நடுங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு வயது 72. பல் துலக்கினால் ஈறில் ரத்தம். கெண்டைக்காலில் அடிபட்டது போல நீலத் திட்டுகள். முழங்காலுக்குக் கீழே ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் சிவப்புப் புள்ளிகள். நாலு எட்டு வைத்தால் களைப்பு.

ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, "ஐயா, தினமும் என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டேன்.

"காலையில டீயும் பன்னும். மத்தியானம் மோர் சாதம். ராத்திரி பால்ல நனைச்ச பன்னு. அவ போனதுக்கப்புறம் அடுப்புப் பக்கம் போறதில்லீங்க. கடிக்கப் பல்லும் சரியில்ல."

"காய், கீரை, பழம்?"

"அதெல்லாம் சாப்பிட்டு ஒரு வருஷம் ஆச்சுங்க."

பரிசோதனையில் கேன்சர் இல்லை. பெரியவருக்கு வந்திருந்தது ஸ்கர்வி. வைட்டமின் 'சி' அடியோடு குறைந்து போனால் வரும் நோய். மாத்திரை கொடுத்து, பழம் சாப்பிடச் சொன்னேன். சில நாளில் ஈறில் ரத்தம் நின்றது. இரண்டு மூன்று வாரத்தில் திட்டுகள் மறைந்தன.

மறுபடி வந்தபோது பெரியவர் ஒரு கேள்வி கேட்டார். "எங்க வீட்டு நாய் மணியும் நான் போடற பன்னையும் மோர் சாதத்தையும்தான் தின்னுது. அதுக்கு ஒண்ணுமே ஆகலியே டாக்டர்?"

நல்ல கேள்வி! இதற்கு விடை தேடினால் ஆறு கோடி ஆண்டுகள் பின்னால் போக வேண்டியிருக்கிறது. வாருங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

ஈரலுக்குள் ஒரு சமையல்

நாய், பூனை, ஆடு, மாடு, எலி... இவை எவையும் வைட்டமின் 'சி'க்காகப் பழத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. அவற்றின் ஈரலே தயாரித்துக் கொள்கிறது. மூலப்பொருள், ரத்தத்தில் ஓடும் சாதாரண குளுக்கோஸ் சர்க்கரைதான். படிப்படியாக மாறி, கடைசியில் வைட்டமின் 'சி' ஆகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு என்ஸைம் வேண்டும். என்ஸைமைச் சமையல்காரர் என்று வைத்துக் கொள்ளுங்களேன். ஒரு வெள்ளாடு இப்படி ஒரு நாளைக்குக் கிராம் கணக்கில் வைட்டமின் 'சி' தயாரிக்கிறது. நமக்கோ மில்லிகிராம் கணக்கில் கிடைத்தாலே போதும்!

மனித ஈரலிலும் இந்தச் சமையல் நடக்கிறது. ஆனால் கடைசிப் படியில் நின்றுவிடுகிறது. குலோனோலாக்டோன் ஆக்ஸிடேஸ் என்ற அந்தக் கடைசிச் சமையல்காரர் நம் உடம்பில் இல்லை. மனிதன், குரங்கு, கினிப்பன்றி மூவருக்கும் இதே படிதான் விட்டுப்போயிருக்கிறது என்று 1957ல் அமெரிக்க விஞ்ஞானி பர்ன்ஸ் கண்டுபிடித்தார்.

சமையல்காரர் ஏன் வரவில்லை? அவரை உருவாக்கும் குறிப்பு கெட்டுப்போய்விட்டது. உடம்பின் ஒவ்வொரு என்ஸைமுக்கும் ஒரு செய்முறைக் குறிப்பு உண்டு. அதுதான் ஜீன். அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, அப்பாவிடமிருந்து ஒரு பிரதி என்று தலைமுறை தலைமுறையாக நகல் எடுத்துத் தரப்படும் குறிப்பு. நகல் எடுக்கும்போது எப்போதாவது எழுத்துப் பிழை விழுவது உண்டு. இந்த ஜீன் விஷயத்தில் பிழைகள் சேர்ந்து சேர்ந்து, பல பகுதிகளே காணாமல் போய்விட்டன. ஜப்பானிய விஞ்ஞானி நிஷிகிமியும் அவருடைய குழுவினரும் 1994ல் மனித ஜீன்களுக்குள் தேடி, அந்தச் சிதைந்த குறிப்பைக் கண்டுபிடித்தார்கள். நமது எட்டாவது குரோமோசோமில் அது இன்னமும் இருக்கிறது, உபயோகமில்லாமல்!

யோசித்துப் பாருங்கள். பரம்பரை நோய் என்றால் 'நம்ம குடும்பத்துல அதெல்லாம் கிடையாது' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் பணக்காரர், ஏழை, எந்த ஊர், எந்த நாடு என்ற வித்தியாசமே இல்லாமல் எல்லா மனிதருக்கும் இருக்கிற பரம்பரைக் குறை இது. பழமும் காயும்தான் அதற்கு நாம் ஆயுள் முழுக்கச் சாப்பிடும் மருந்து.

கப்பலில் எலிக்கு வரவில்லை

மருந்து நின்றால் என்ன ஆகும் என்பதைக் கடல் காட்டியது. வாஸ்கோடகாமா 1498ல் கோழிக்கோடு வந்துவிட்டுத் திரும்பும்போது, அரபிக் கடலைத் தாண்ட மூன்று மாதம் ஆயிற்று. ஈறு வீங்கி, கால் வீங்கி, சுமார் 30 பேர் இறந்து போனார்கள். மிச்சம் இருந்தவர்களை வைத்து எல்லாக் கப்பல்களையும் ஓட்ட முடியாமல், ஒரு கப்பலையே கொளுத்திவிட்டுப் போனார்கள்.

1747ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை டாக்டர், ஸ்கர்வி வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான வைத்தியம் செய்து பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர்தான் மளமளவென்று தேறினார்கள். அப்படியும் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாகக் கொடுக்க ஆரம்பித்தது 1795ல்தான்!

அதே கப்பலில், அதே பிஸ்கட்டைக் கொறித்துத் திரிந்த எலிகளுக்கு ஸ்கர்வி வராது. ஆனால் அதன் அர்த்தம் அன்று யாருக்கும் புரியவில்லை. 1907ல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர், கப்பலில் வரும் வேறொரு நோயை ஆராய்வதற்காகக் கினிப்பன்றிகளுக்கு வெறும் தானியத்தை மட்டும் கொடுத்தார்கள். அவற்றுக்கு ஸ்கர்வி வந்துவிட்டது! முட்டைக்கோஸ் கொடுத்ததும் குணமாயிற்று. எலிகளை வைத்துச் சோதித்திருந்தால் ஒன்றுமே தெரிந்திருக்காது. அந்த வழியில் தேடித்தான் வைட்டமின் 'சி' பின்னால் கைக்கு வந்தது. அதைப் பிரித்தெடுத்த ஹங்கேரிய விஞ்ஞானி சென்ட் ஜியார்ஜி 1937ல் நோபல் பரிசு பெற்றார்.

ஒரே இடத்தில் ஒரே தப்பு

பரீட்சையில் இரண்டு மாணவர்கள் ஒரே சரியான விடை எழுதினால் சந்தேகம் வராது. இருவரும் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்திருந்தால்? வாத்தியார் உடனே கண்டுபிடித்துவிடுவார், ஒரே மூலத்தைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று.

மனிதன், சிம்பன்ஸி, சாதாரணக் குரங்கு, எல்லோருடைய ஜீனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அதே பகுதிகள் காணோம். பல பிழைகள் அதே இடங்களில் இருக்கின்றன. நமக்கும் குரங்குகளுக்கும் பொதுவான ஒரு மூதாதையிடம், சுமார் ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஜீன் கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். நம் திண்டுக்கல் பக்கத்துக் காடுகளில் இருக்கிறதே தேவாங்கு, அதன் வம்சம் அதற்கு முன்பே கிளை பிரிந்துவிட்டது. தேவாங்கு இனத்து விலங்குகள் வைட்டமின் 'சி'யைத் தாங்களே தயாரித்துக் கொள்கின்றன. கினிப்பன்றிக்கு விழுந்த பிழையோ தனி. அது வேறு இடத்தில், வெகு காலத்துக்குப் பிறகு நடந்தது. வௌவால்களில் பல இனங்களும் இப்படித் தனியாகவே இந்தத் திறமையை இழந்தவை.

இத்தனை முக்கியமான ஜீன் கெட்டும் அந்த மூதாதை ஏன் அழியவில்லை? அது மரத்தில் வாழ்ந்தது. கையெட்டும் தூரத்தில் பழம், தளிர், இலை. கொல்லையில் கறிவேப்பிலை மரம் இருக்கும் வீட்டில், கடையில் வாங்க மறந்து போனால் யாருக்கும் தெரியாது இல்லையா? அதே மாதிரி, சாப்பாட்டில் தாராளமாகக் கிடைத்ததால் உள்ளே தயாரிப்பு நின்றது தெரியவே இல்லை. பிழை அப்படியே சந்ததிக்குப் போய்விட்டது.

உடம்பு சும்மாவும் இருக்கவில்லை. உபயோகித்த வைட்டமின் 'சி'யை நம் சிவப்பு ரத்த அணுக்கள் உள்ளே இழுத்துப் புதுப்பித்து மறுபடி புழக்கத்தில் விடுகின்றன. இந்த ஏற்பாடு, வைட்டமின் 'சி' தயாரிக்க முடியாத பாலூட்டிகளுக்கே உரிய சிறப்பு என்று 2008ல் பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். மில்லிகிராம் கணக்கில் நாம் காலம் தள்ளும் ரகசியம் இதுதான்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்

ஆனாலும் கையிருப்பு கரையத்தான் செய்யும். 1939ல் ஜான் கிராண்டன் என்ற அமெரிக்க சர்ஜன், வைட்டமின் 'சி' இல்லாத சாப்பாட்டைத் தானே ஆறு மாதம் சாப்பிட்டுப் பார்த்தார். மூன்றாவது மாதம் முதுகில் கீறிய காயம் ஒழுங்காக ஆறியது. ஆறாவது மாதம் கீறிய காயம் உள்ளே ஆறவே இல்லை. சதையையும் தோலையும் ரத்தக் குழாயையும் இழுத்துக் கட்டும் கயிறு கொலாஜன் என்ற புரதம். அதை முறுக்கேற்ற வைட்டமின் 'சி' வேண்டும். கயிறு தளர்ந்தால் ஈறு கசியும். தோலுக்கடியில் ரத்தம் கட்டும்.

குழந்தை விஷயத்திலும் கவனம் தேவை. பசும்பாலில் வைட்டமின் 'சி' மிகக் குறைவு. கன்றுக்குட்டி தானே தயாரித்துக் கொள்ளுமே, தாய்ப்பசு எதற்குத் தர வேண்டும்? காய்ச்சினால் இருக்கிற கொஞ்சமும் குறைந்துவிடும். தாய்ப்பாலில் நம் குழந்தைக்குத் தேவையானது இருக்கிறது. குழந்தைகளுக்கு வரும் ஸ்கர்வியை 1883ல் லண்டன் டாக்டர் பார்லோ விளக்கிச் சொன்னார். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். பிறகு இணை உணவில் மசித்த பழம், காய் சேருங்கள். ஒரு வயதுக்கு முன் பசும்பாலை முக்கிய ஆகாரமாக வைக்க வேண்டாம்.

உங்கள் வீட்டுக்கு

* இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ல் சொன்ன தினசரி அளவு: ஆண்களுக்கு 80 மில்லிகிராம், பெண்களுக்கு 65. பாலூட்டும் தாய்க்கு 115. புகை பிடிப்பவர்களுக்கு இன்னும் அதிகம் தேவை.

* ஒரு நடுத்தரக் கொய்யாப்பழமே ஒரு நாள் தேவைக்கு மேல் தந்துவிடும். பெரிய நெல்லிக்காய் இன்னும் உசத்தி. பப்பாளி, சாத்துக்குடி, தக்காளி, குடைமிளகாய், முருங்கைக்கீரை எல்லாமே நல்லது.

* பல் இல்லாதவர்களுக்கு நெல்லிக்காயை அரைத்து மோரில் கலக்கலாம். கனிந்த பப்பாளியை மசித்துத் தரலாம்.

* காயை நறுக்கிய பிறகு கழுவாதீர்கள். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டாதீர்கள். எலுமிச்சம்பழத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள். கீரையோடு எலுமிச்சை சேர்ந்தால் இரும்புச் சத்தும் நன்றாகச் சேரும்.

* 'ஆடே கிராம் கணக்கில் தயாரிக்கிறதே' என்று மாத்திரைகளை அள்ளிப் போட வேண்டாம். அதிகமானால் பேதி ஆகும். சிலருக்குச் சிறுநீரகக் கல்லும் வரலாம்.

* ஈறில் ரத்தம் வந்தால் எல்லாம் ஸ்கர்வி என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.

பெரியவரின் மகள் இப்போது வாரா வாரம் கொய்யாவும் நெல்லிக்காயும் வாங்கிப் போய்க் கொடுக்கிறார். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் போனில் பேசும்போது, "சாப்பிட்டீங்களா?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "என்ன சாப்பிட்டீங்க?" என்றும் கேளுங்கள். மணிக்கு அதன் ஈரல் இருக்கிறது. அவர்களுக்கு நாம்தான் இருக்கிறோம்.