ஆடியைப் பழிக்குமுன்

போடிநாயக்கனூரின் மேற்கே ஏலமலைச் சரிவுகள், வடக்கேயும் மலைகளே. மழைக்காலத்தில் மஞ்சு மூடிக் கிடக்கும் வானம் தை, மாசித் திங்களில் தெளிவு பெறுகிறது. தம் கையால் தொலைநோக்கி அமைத்த மாணவர்க்கு அதுவே தேர்வுக்காலம்.

இம்முயற்சிக்கு முன்னோடி அண்மையிலேயே உண்டு. வைணு பாப்பு கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த காலத்தில், 38 செ.மீ. ஆடித் தொலைநோக்கி ஒன்று அங்கேயே உருவாக்கப்பட்டது. சவ்வாது மலையின் காவலூரில் 1968இல் அது தன் பணியைத் தொடங்கியது.

அகன்ற புலத் தொலைநோக்கிக்குக் குவியத் தூரம் குறுகியிருத்தல் வேண்டும். 750 மி.மீ. குவியத் தூரமுள்ள ஆடியுடன், 50 பாகைத் தோற்றப்புலமுடைய 30 மி.மீ. கண்ணருகு வில்லையைப் பொருத்தினால் உருப்பெருக்கம் 25 மடங்கு. காணும் புலம் 2 பாகை. நான்கு முழுநிலவுகள் வரிசையாக அடங்கும் அகலம் அது. கார்த்திகை விண்மீன் கூட்டம் முழுவதையும் அதில் ஒருங்கே காணலாம்.

முதல் நோக்கிலேயே உருவம் கலங்கினால், "ஆடி கெட்டது" என்று முடிவு கட்டுதல் தவறு. முதலில் காற்றை ஐயுறுக. கருவியை ஒரு மணி நேரம் வெளியில் வைத்து ஆடியைக் குளிரவிடுக. பின்பு ஒரு விண்மீனை நோக்குக. இடம்பெயராத துருவமீனே இதற்கு ஏற்றது. ஆயினும் போடியில் அது அடிவானிலிருந்து 10 பாகை உயரமே நிற்பதால் மலை மறைக்கக்கூடும். உச்சிவானை நெருங்கும் ரோகிணியைக் கொள்ளலாம்.

குவியத்திலிருந்து வில்லையைச் சற்று உள்ளும் புறமும் நகர்த்தினால் ஒளிவளையங்கள் தோன்றும். நடுவிலுள்ள இருள்வட்டம் ஒருபக்கம் ஒதுங்கினால் ஆடியின் சாய்வே காரணம். பின்புறத் திருகாணிகளைச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சீர்செய்க. வளையம் முக்கோணமாயின் ஆடியைப் பற்றிய பிடிகள் இறுகியுள்ளன. புலத்தின் ஓரத்து விண்மீன்கள் வால்மீன்போல் நீளுதல் செய்தவர் குற்றமன்று; குறுங்குவியப் பரவளைய ஆடியின் இயல்பு. இவையாவும் நீங்கிய பின்னரும் இருபுற வளையங்கள் தம்முள் வேறுபட்டால் மட்டுமே ஆடியின் வடிவை ஐயுறலாம். அப்போதும் உடனே தேய்த்தல் கூடாது. பிரெஞ்சு அறிஞர் ஃபூக்கோ 1858இல் கண்ட கத்திமுனைச் சோதனையும் அதே குற்றத்தைக் காட்டுகிறதா என நோக்குதல் வேண்டும்.

இரண்டாம் சான்று எதற்கு? 1990இல் விண்ணில் ஏவப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கியே விடை. அதன் 2.4 மீட்டர் ஆடியைச் சோதித்த கருவியில் ஒரு வில்லை 1.3 மி.மீ. இடம் பிறழ்ந்திருந்தது. வேறு சோதனைகள் பிழையைக் காட்டியும், அவை நுட்பம் குறைந்தவை என ஒதுக்கப்பட்டன. ஆடி தவறான வடிவிலேயே மெருகேறியது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று திருத்தும் துணையாடிகளைப் பொருத்திய பின்னரே பார்வை தெளிந்தது.

ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே ஒளியியலைச் சோதனை வழியில் நிறுத்தியவர் அறிஞர் இப்னுல் ஹைத்தம். அவ்வழியில் நடப்பவர் தாம் செய்த கருவியை மட்டுமன்றித் தாம் செய்யும் சோதனையையும் சோதிக்கக் கடமைப்பட்டவர். மலைச்சரிவில் பனியில் நின்று திருகாணி திருப்பும் மாணவன் கற்கும் முதற்பாடம் இதுவே.