ஆர்க்கிட் செடி: தாழ்வாரத்திலா, வரவேற்பறையிலா?

சீனப் புத்தாண்டு முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. அன்பளிப்பாக வந்த ஆர்க்கிட் தொட்டி உங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வண்ணத்துப்பூச்சி போன்ற வெள்ளைப் பூக்கள் எல்லாம் உதிர்ந்துவிட்டன. "தூக்கிப் போட்டுவிடலாமா?" என்கிறார் அம்மா. "தாழ்வாரத்தில் வை, பிழைத்துக்கொள்ளும்" என்கிறார் பாட்டி. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

குளிர்நாடுகளில் இதற்கு விடை எளிது. கோடையில் செடியை வெளியே வைப்பார்கள். குளிர்காலத்தில் உள்ளே எடுத்துவிடுவார்கள். சிங்கப்பூரில் குளிர்காலம் கிடையாது. நாம் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் செடி ஆண்டு முழுவதும் வாழ வேண்டும். ஆகவே ஒளி, காற்று, வெப்பம் ஆகிய மூன்றையும் பார்த்து முடிவெடுப்போம்.

கண்ணை நம்பாதீர்கள்

வரவேற்பறை நமக்கு வெளிச்சமாகத்தான் தெரிகிறது. காரணம், மங்கிய ஒளியில் நம் கண்மணி விரிந்து கூடுதல் ஒளியை உள்ளே விடுகிறது. இலைக்கு அந்த வசதி இல்லை.

ஒளியின் அளவை 'லக்ஸ்' என்ற அலகால் குறிப்பார்கள். நண்பகல் நேர்வெயில் ஏறத்தாழ 100,000 லக்ஸ். சன்னலைவிட்டுத் தள்ளியிருக்கும் இடத்தில் சில நூறு லக்ஸ் மட்டுமே இருக்கும். கடைகளில் அதிகம் விற்கப்படும் ஃபலனாப்சிஸ் வகைக்கு 10,000 முதல் 15,000 லக்ஸ் வரை தேவை. தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் 300 லக்ஸ் இருப்பதாக வைத்துக்கொண்டால், செடிக்குத் தேவையான ஒளியில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் கிடைக்கிறது!

இருந்தும் செடி உடனே சாவதில்லை. தடித்த இலைகளில் சேமித்து வைத்த உணவைக்கொண்டு மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அதைப் பார்த்துவிட்டு "நன்றாகத்தான் இருக்கிறது" என்று நாம் நினைப்போம். உண்மையில் அது மெல்ல மெல்லப் பட்டினி கிடக்கிறது.

வேரும் மூச்சுவிட வேண்டும்

ஃபலனாப்சிஸ் காட்டில் மண்ணில் வளர்வதில்லை. மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வாழும் தொற்றுத்தாவரம் அது. அதன் வேரைச் சுற்றி 'வெலாமென்' எனும் பஞ்சு போன்ற படலம் இருக்கிறது. மழை பெய்தால் அது விரைவாக நீரை உறிஞ்சும். பிறகு காற்றில் உலரும். உலர்ந்த வேர் வெள்ளி நிறமாகவும் நனைந்த வேர் பச்சையாகவும் தெரியும். எப்போது தண்ணீர் ஊற்றலாம் என்பதை வேரின் நிறமே சொல்லிவிடும்.

காற்றோட்டம் இல்லாத அறையில் தொட்டி எளிதில் உலராது. வேர் அழுகிவிடும். தாழ்வாரத்துக் காற்று இந்தச் சிக்கலைத் தீர்க்கும். அதற்காகக் கொட்டும் மழையில் வைத்துவிடாதீர்கள். இலைகளின் நடுவே நீர் தேங்கி இரவு முழுதும் நின்றால் குருத்து அழுகும். தொட்டியின் அடித்தட்டிலும் நீர் தேங்கக்கூடாது. ஏடிஸ் கொசு முட்டையிட அந்தச் சிறு தட்டே போதும்!

பூக்காததற்கு யார் காரணம்?

மூன்றாவது, வெப்பம். பெரிய பூக்கள் கொண்ட ஃபலனாப்சிஸ் கலப்பினங்கள் மொட்டுத்தண்டு விட, சில வாரங்களுக்கு ஏறக்குறைய 26 பாகை செல்சியசுக்குக் கீழான வெப்பநிலை வேண்டும். பகல் 29 பாகையைத் தொட்டால் தண்டு வருவது தடைப்படும். வளர்ப்பவர்கள் செடிகளைக் குளிரூட்டப்பட்ட கூடங்களிலோ மலைப்பகுதிகளிலோ வைத்துப் பூக்கச் செய்வது இதனால்தான்.

நம் ஊரில் பகல் வெப்பம் பெரும்பாலும் 31 பாகையைத் தாண்டுகிறது. தாழ்வாரத்தில் இலைகள் செழித்தும் பூ வராவிட்டால் அது உங்கள் தவறு அல்ல. டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடாமல் மழை பெய்து குளிரும் நாள்களில் வாய்ப்பு சற்றுக் கூடும். பச்சையாக இருக்கும் பழைய பூத்தண்டையும் உடனே வெட்டிவிடாதீர்கள். அதன் கணுவிலிருந்து புதுக்கிளை வரலாம்.

அப்படியானால் இரவில் குளிரூட்டி போடும் படுக்கையறையில் வைக்கலாமா? இரவு மட்டும் குளிர்ந்தால் போதாது. பகலும் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். ஒரு தொட்டிக்காக நாள் முழுவதும் குளிரூட்டியை ஓடவிட்டால் மின்கட்டணம் என்னவாகும்?

இடத்துக்கேற்ற செடி

எல்லா ஆர்க்கிட்டும் ஒன்றல்ல. நம் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம் 1893இல் அறிமுகமான கலப்பினம். 1981இல் தேசிய மலரானது. அதன் பெற்றோர்ச் செடிகளுள் ஒன்று மலாயாத் தீபகற்பத்தின் சதுப்பு நிலங்களில் வளர்வது. நம் வெப்பத்தில் அது தாராளமாகப் பூக்கும். ஆனால் நாள் முழுதும் வெயில் வேண்டும். நிழலான தாழ்வாரம் அதற்கு ஆகாது. டென்ரோபியம் கலப்பினங்கள் பலவற்றுக்குப் பாதி வெயில் போதும். அவையும் வெப்பத்தில் பூக்கும்.

உங்கள் தாழ்வாரம் எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்றும் பாருங்கள். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. ஆண்டின் நடுவில் சூரியன் நமக்கு வடக்கே செல்லும்; ஆண்டிறுதியில் தெற்கே செல்லும். டிசம்பரில் நிழலாக இருக்கும் வடக்குத் தாழ்வாரத்தில் ஜூன் மாதம் வெயில் சாய்ந்து விழலாம். அப்போது தொட்டியைச் சுவரோரம் நகர்த்துங்கள்.

ஆக, பாட்டி சொன்னது பெரும்பாலும் சரி. மழை படாத, நேர்வெயில் விழாத, காற்றோட்டமுள்ள தாழ்வாரமே அந்தச் செடிக்கு வீடு. நடப்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் வையுங்கள். உள்ளேயே இருந்த இலை திடீர் வெளிச்சத்தில் கருகும். ஆகவே இரண்டு வாரம் நல்ல நிழலில் வைத்துப் பழக்குங்கள். பூத்தால் சில நாள்களுக்கு விருந்தாளியாக உள்ளே அழைத்துவரலாம். அடுத்த முறை கடைக்குப் போகும்போது, செடியை வாங்கிவிட்டு இடம் தேடாமல், இடத்தைப் பார்த்துவிட்டுச் செடியைத் தேர்ந்தெடுங்கள்.

செய்து பாருங்கள்

1. நண்பகலில், செடி வைக்கும் இடத்தில் வெள்ளைத்தாளை விரித்து, 30 சென்டிமீட்டர் உயரத்தில் கையை நீட்டுங்கள். கூர்மையான நிழல் விழுந்தால் அது வாண்டாவுக்கு ஏற்ற ஒளி. விளிம்பு மங்கிய நிழல் என்றால் ஃபலனாப்சிசுக்கு ஏற்றது. நிழலே தெரியாவிட்டால் எந்த ஆர்க்கிட்டுக்கும் அது போதாது.

2. வரவேற்பறை, சன்னலோரம், தாழ்வாரம் ஆகிய மூன்று இடங்களில் ஒரு வாரம் இதைச் செய்து அட்டவணைப்படுத்துங்கள். மேகமூட்டமான நாளையும் வெயில் நாளையும் ஒப்பிடுங்கள்.

3. சிந்தியுங்கள்: தெற்கு நோக்கிய தாழ்வாரத்தில் எந்த மாதங்களில் தொட்டியை நகர்த்த வேண்டியிருக்கும்? ஏன்?