அடியில் தங்கிய நீர்

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், தஞ்சைப் பகுதியிலுள்ள தன் தாத்தாவின் ஊரிலிருந்து ஒரு நீர்ப்புட்டியைத் தொடர்வண்டிப் பயணம் முழுவதும் மடியில் வைத்துக் காத்துக் கொண்டுவந்திருந்தான். உள்ளே ஊர்க்குளத்து நீர். அந்நீரில் ஒரு துண்டுப் பாசிக்கொடியும் விரல்நக அளவிலான மீன்குஞ்சுகள் இரண்டும் இருந்தன. “ஐயா, இவற்றை நம் கடக்வாஸ்லா ஏரியில் விட்டுவிடலாமா? தாத்தா ஊர்க் குளம் இங்கேயும் இருக்கும் அல்லவா?” என்று கேட்டான். கூடாது என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. ஏன் கூடாது என்பதை அன்று ஓரிரு சொற்களில் விளக்க என்னால் இயலவில்லை. அவ்விளக்கமே இப்பாடம்.

ஒரு துண்டுக் கொடி என்ன செய்துவிடும் என்று அவன் எண்ணியிருக்கலாம். கோடையில் புனே நகரத்துப் பாலங்களைக் கடக்கும்போது ஆற்றை மூடிக் கிடக்கும் பச்சைப் போர்வையைப் பார்த்திருப்பீர்கள். மராத்தியில் அதனை ஜலபர்ணி என்பர். நம் ஊர்களில் பலர் ஆகாயத்தாமரை என்கின்றனர்; ஆயினும் இலைக்காம்பு வெங்காயம் போலப் பருத்திருப்பதால் வெங்காயத்தாமரை என்னும் பெயரே இதற்குப் பொருத்தமானது. ஆகாயத்தாமரை வேறொரு மிதவைச் செடி. வெங்காயத்தாமரையின் தாயகம் தென் அமெரிக்கா. அதன் ஊதாப் பூவின் அழகில் மயங்கியே மனிதர் அதனை நாடு நாடாகக் கொண்டுசென்றனர்.

நம் மாணவன் எளிதில் விட்டுவிடவில்லை. மீன்குஞ்சுகளை வகுப்பிலிருந்த கண்ணாடித் தொட்டிக்கு மாற்றினான், கொடியை எடுத்தான், நீரைக் கொட்டினான். “இப்போது வெறும் புட்டிதானே, ஏரியில் கழுவிக்கொள்ளலாமா?” என்றான். புட்டியை ஒளிக்கு எதிரே பிடித்தோம். அடியில் ஒரு கரண்டி அளவு நீர் தங்கியிருந்தது. ஆய்வகத்து நுண்ணோக்கியின் கீழ் அதில் ஒரு துளியை வைத்தபோது, கண்ணுக்குப் புலப்படாத உயிர்கள் அங்குமிங்கும் விரைந்துகொண்டிருந்தன. அடுத்த மணி அடிக்கும் வரை ஒருவரும் நுண்ணோக்கியை விட்டு நகரவில்லை.

இனிப் படகுக்கு வருவோம். நம் ஏரியில் தேசியப் பாதுகாப்பு அகாதெமியின் பயிற்சி வீரர்கள் பாய்மரப் படகு செலுத்துவதைக் கண்டிருப்பீர்கள். காற்று வலுக்கும்போது படகு ஒரு பக்கம் சாயும். உடனே அவர்கள் மறுபக்க விளிம்பில் அமர்ந்து, உடலைப் பின்னோக்கிச் சாய்த்துப் படகை நிமிர்த்துவர். அங்கே அவர்களுடைய உடலின் எடையே படகை நிலைநிறுத்துகின்றது.

பெருங்கப்பலுக்கு இவ்வழி உதவாது. சரக்கை இறக்கிய கப்பல் இலேசாகி நீரில் உயர்ந்து நிற்கும், அலையில் புரளும். ஆகவே அதன் அடியில் வேண்டுமென்றே எடை ஏற்றுவர். இவ்வெடைக்கு அடிப்பாரம் என்று பெயர். மாலுமிகள் பேலஸ்ட் என்பர். முற்காலத்தில் கல்லும் மணலும் அடிப்பாரமாக இருந்தன. இரும்புக் கப்பல்கள் வந்த பின்னர், கடல்நீரையே தொட்டிகளில் நிரப்பும் வழக்கம் ஏற்பட்டது. ஒரு துறைமுகத்தில் நிரப்பிய நீர், சரக்கு ஏற்றும் மற்றொரு துறைமுகத்தில் வெளியேற்றப்படும். நீருடன் அதிலுள்ள முட்டைகளும் லார்வா எனப்படும் இளவுயிரிகளும் வெளியேறும்.

சிறு படகுகளிலும் இம்முறை உண்டு. அமெரிக்கா முதலிய நாடுகளில், விரையும் படகின் பின்னே பலகைமேல் நின்று அலையில் சறுக்கி விளையாடுவர். படகின் பின்புறம் கனத்தால்தான் அலை உயரும். அதற்காகப் படகினுள் பெரிய பைகளை வைத்து, பம்பு கொண்டு ஏரிநீரை நிரப்புகின்றனர். விளையாட்டு முடிந்ததும் அதே பம்பு நீரை வெளியேற்றிவிடும். ஆனால் முழுவதையும் அன்று. பையின் மடிப்புகளிலும் மூலைகளிலும் குழாயிலும் சில லிட்டர் நீர் தங்கிவிடும். அடுத்த வாரம் படகு வேறோர் ஏரியில் இறங்கும்; பை மீண்டும் நிரம்பும்; முந்தைய ஏரியின் எச்சம் புதிய ஏரியில் கலக்கும். நம் மாணவனின் புட்டியில் நிகழ்ந்ததும் இதுவே.

கருங்கடல், காசுப்பியன் கடல் பகுதிகளுக்குரிய வரிக்குதிரைச் சிப்பி, கப்பல்களின் அடிப்பார நீருடன் வட அமெரிக்காவை அடைந்தது என்பது ஆய்வாளர் கருத்து. 1988ஆம் ஆண்டு செயின்ட் கிளேர் ஏரியில் அது கண்டறியப்பட்டது. மறு ஆண்டிலேயே மிச்சிகன் மாநிலத்து மன்றோ நகரில், ஏரியிலிருந்து நீர் எடுக்கும் குழாயை இச்சிப்பிகள் அடைத்துக் குடிநீர் தடைப்பட்டது. கப்பல் செல்ல இயலாத உள்நாட்டு ஏரிகளுக்கும் அது பின்னர்ப் பரவியது. அங்கெல்லாம் அதனைக் கொண்டுசென்றவை பெரும்பாலும் வண்டியில் ஏற்றிச் செல்லும் சிறு படகுகளே. கடக்வாஸ்லா ஏரிநீரைப் புனே நகரமே பருகுகின்றது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். நம் ஏரியிலிருந்து பவனா ஏரிக்கு ஒரு படகை வண்டியில் ஏற்றிச் செல்ல ஒரு காலைப்பொழுது போதும். இடையிலுள்ள மலைகளை ஒரு சிப்பி தானாகக் கடப்பது எங்ஙனம்?

கடலிலும் இத்தகைய நிகழ்ச்சிகள் உண்டு. அமெரிக்காவின் வெப்பக் கடற்பகுதிக்குரிய கறுப்புவரிச் சிப்பி, 1960களின் இறுதியில் விசாகப்பட்டினத்திலும், பின்னர் மும்பைத் துறைமுகத்திலும் காணப்பட்டது. அதே சிப்பியை 1999 மார்ச் மாதத்தில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்துப் படகுத்துறை ஒன்றில் முக்குளிப்போர் கண்டனர். ஆறு மாதங்களுக்கு முன் அங்கே ஆராய்ந்தபோது ஒரு சிப்பியும் தென்படவில்லை. இப்போதோ சுவர்களிலும் படகுகளின் அடியிலும் அடுக்கடுக்காக ஒட்டியிருந்தது. நல்வாய்ப்பாக, அப்படகுத்துறைக்கும் கடலுக்கும் இடையே மதகுக் கதவுகள் இருந்தன. அவற்றை அடைத்தனர். உள்ளிருந்த நீரில் குளோரினையும் மயில்துத்தத்தையும் கலந்தனர். சிப்பிகள் மடிந்தன, அவற்றுடன் அந்நீரிலிருந்த மீன் முதலிய பிற உயிர்களும் மடிந்தன. அங்கிருந்து முன்னரே புறப்பட்டுப் போயிருந்த படகுகளையும் தேடிப் பிடித்துச் சோதித்தனர். சில வாரங்களில் அச்சிப்பி அங்கே அடியோடு ஒழிந்தது. இத்தகைய வெற்றி உலகில் மிக அரிது. கதவு இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு நம் சென்னையே சான்று.

சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தில், அமெரிக்கக் கடற்கரைகளுக்குரிய ஒரு கருநிறச் சிப்பி பரவியுள்ளது. மீனவர்கள் அதற்குக் காக்கா ஆழி என்று பெயரிட்டுள்ளனர். ஆழி என்றால் கடல், சக்கரம், மோதிரம் என்று அகராதியில் படித்திருப்பீர்கள். எண்ணூர் மீனவருக்கு ஆழி என்பது சிப்பி. அவர்கள் நெடுங்காலமாக அறிந்தவை பச்சை ஆழியும் மஞ்ச மட்டியும். காக்கை போல் கருத்த புதியதற்கு அவர்களே பெயர் சூட்டினர். அவர்கள் இட்ட பெயரையே செய்தித்தாள்களும் இப்போது வழங்குகின்றன. கப்பலின் அடிப்பார நீரிலோ, கப்பலின் அடியில் ஒட்டியோ அது வந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகின்றது. கழிமுகத்துச் சேற்றுத் தரையை அது கம்பளம் போல் மூடிவிடுகின்றது. இறால் மேயும் சேறு மறைகின்றது. நீரில் இறங்கிக் கைகளால் துழாவி இறால் பிடிப்போர் அங்கே உண்டு. வலையும் படகும் இல்லாத அவர்களுக்குக் கையே கருவி. அக்கையை ஓடுகள் கிழிக்கின்றன. முறையீடு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. ஆனால் திறந்த கழிமுகத்தை எந்தக் கதவு கொண்டு அடைப்பது?

அடிப்பார நீரைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை 2004ஆம் ஆண்டு உருவாகி, 2017 செப்டம்பர் 8 அன்று நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட 13 ஆண்டுகளில் கப்பல்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

இப்பாடத்தைச் சென்ற ஆண்டு நடத்தியபோது, பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “ஐயா, நாமும் வேறு ஊரிலிருந்து இங்கு வந்தவர்கள்தானே? நாமும் காக்கா ஆழியா?” என்று கேட்டாள். வகுப்பில் சிலர் சிரித்தனர், நான் சிரிக்கவில்லை. வெளியிலிருந்து வருதல் குற்றமன்று. நம் குழம்பிலும் மராத்தியர் தேச்சாவிலும் உள்ள மிளகாய் அமெரிக்காவிலிருந்து வந்ததே. அதனால் எந்த ஆறும் மூடிப்போகவில்லை. மேலும், மனிதர் எங்கு வாழினும் ஒரே இனம். சிப்பியின் நிலை வேறு. தாயகத்தில் அதனைத் தின்னும் உயிர்களும் அதனைத் தாக்கும் நோய்களும் அதன் பெருக்கத்தைக் கட்டுக்குள் வைத்திருந்தன. புதிய நீரில் அவை இல்லை. எனவே சிலவகை உயிர்கள் அளவின்றிப் பெருகுகின்றன. பிழை சிப்பியினுடையதும் அன்று. அடியில் தங்கிய நீரைக் கவனியாமல் அதனைச் சுமந்து சென்றவருடையது. அம்மாணவி அமர்ந்தாள், முழுவதும் நிறைவடைந்தாள் என்று சொல்ல மாட்டேன்.

படகுக்கு உரியவர் செய்யவேண்டியது கடினமானதன்று. கரையேறியதும் அடைப்பானைத் திறந்து, படகைச் சாய்த்து நீரை வடிக்க வேண்டும். பம்பு நின்ற பின்னர்ப் பையைத் தூக்கிக் கவிழ்த்து, மடிப்புகளைப் பிழிய வேண்டும். வடித்த நீர் கரைமண்ணில் ஊற வேண்டும். மற்றொரு நீர்நிலையில் சேரலாகாது. பின்னர் ஐந்து நாளேனும் உலர விட வேண்டும் என்பது அமெரிக்காவில் வழங்கும் அறிவுரை. ஆடி மாதத்துக் கடக்வாஸ்லாவில் பள்ளிச் சீருடையே ஐந்து நாளில் உலர்வதில்லை. ஆதலால் மழைக்காலத்தில் வெந்நீர் ஊற்றிக் கழுவுவதே தக்கது.

அந்தப் புட்டியை வெந்நீரில் கழுவிச் சன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்தோம். மீன்குஞ்சுகள் இரண்டும் இப்போது சுண்டுவிரல் நீளம் வளர்ந்துள்ளன. தொட்டி நீரை மாற்றும் முறை வந்தால், பழைய நீரை வேப்பங்கன்றுக்கு ஊற்றுவது அம்மாணவனின் பொறுப்பு.

சொல்லும் பொருளும்

அடிப்பாரம் – கப்பலை நிலைநிறுத்த அதன் அடியில் ஏற்றும் எடை
கழிமுகம் – ஆறு கடலுடன் கலக்கும் இடம்
மயில்துத்தம் – செம்பு கலந்த நீலநிற உப்பு
எச்சம் – மீதியாகத் தங்கியது

பயிற்சி

1. டார்வினில் இயன்றது எண்ணூரில் இயலாமைக்குக் காரணம் யாது?
2. ‘ஆழி’ என்னும் சொல்லை இருவேறு பொருள்களில் அமைத்துத் தொடர்கள் எழுதுக.
3. மாணவியின் வினாவுக்கு ஆசிரியர் கூறிய விடை உங்களுக்கு நிறைவளிக்கின்றதா? உங்கள் விடையைப் பத்து வரிகளில் எழுதுக.
4. நெகிழிப் பை ஒன்றில் நீர் நிரப்பிக் கொட்டுக. ஐந்து நிமிடம் கழித்து அதனைப் பிழிந்து, வடியும் நீரைக் கரண்டியால் அளந்து எழுதுக.
5. உங்கள் ஊர்க் குளத்திலோ ஆற்றிலோ புதிதாகப் பரவிய செடி அல்லது மீனைப் பற்றித் தாத்தா பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டறிக. அதற்கு ஊரார் வழங்கும் பெயரை, அவர்கள் சொல்லும் வண்ணமே எழுதுக.