ஊசி போட்டால் உடம்பு ஏறுமா?

கேள்வி: ஸ்டீராய்டு போட்டால் சீக்கிரம் உடம்பு ஏறும் என்கிறார் ஜிம் மாஸ்டர். போட்டிகளில் தடை இருப்பது தெரியும். உடம்புக்கும் கெடுதலா?

பதில்: உடம்பு ஏறும் என்பது பொய்யில்லை. ஆனால் கிழக்கு ஜெர்மனியில் நடந்ததைக் கேளுங்கள். 1970, 80களில் அங்கே அரசே திட்டம் போட்டு, பதின்வயது வீராங்கனைகளுக்குக்கூட ‘வைட்டமின்’ என்று சொல்லி நீல மாத்திரை கொடுத்தது. அது ஓரல் டூரினாபோல் என்னும் ஸ்டீராய்டு. குரல் கட்டையானது, முகத்தில் முடி முளைத்தது, மாதவிலக்கு தாறுமாறானது. மாத்திரையை நிறுத்தினாலும் கட்டையான குரல் பழையபடி ஆவதில்லை. இதற்காக, அந்நாட்டு விளையாட்டுத் துறைத் தலைவராக இருந்த மான்ஃபிரெட் எவால்டுக்கு 2000இல் பெர்லின் நீதிமன்றம் தண்டனை விதித்தது. அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனைதான்!

ஆண்களும் தப்புவதில்லை. இந்த ஸ்டீராய்டு ஆண் ஹார்மோன் வகை; அது வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் விரைகள் சுருங்கும், விந்தணு குறையும், மார்பும் பருக்கலாம். நல்ல கொழுப்பு இறங்கி, கெட்டது ஏறும். இதயத் தசை தடிக்கும். இள வயதிலேயே மாரடைப்பு வரலாம். மாத்திரை என்றால் கல்லீரலுக்கும் கேடு.

ஆஸ்துமாவுக்கு டாக்டர் தரும் ஸ்டீராய்டு வேறு வகை. இதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடாதீர்கள். ஏற்கெனவே ஊசி போட்டிருந்தால், கூச்சப்படாமல் ஹார்மோன் மருத்துவரைப் பாருங்கள். மாஸ்டரிடம் யோசனை கேட்க வேண்டாம்.