கையகலத்தில் ஓர் அறை

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. தோட்டத்து மக்கள் கதை முழுவதையும் ஆறடி அகலக் கேன்வாஸில் ஒரே படமாக வரையப் போவதாக எழுதியிருக்கிறாய். கப்பல், தலைவிளக்கோடு பால் வெட்டும் பெண்கள், துரை பங்களா, மாரியம்மன் கோயில், எல்லாமே அதில் வரும் என்கிறாய். அதற்கான வரைவோடு, "இவை சும்மா போட்டவை, அத்தை" என்ற குறிப்புடன் நான்கு சின்னப் படங்களையும் வைத்திருந்தாய். அந்த நான்கைத்தான் சுவரோரம் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வரைவில் உழைப்பு தெரிகிறது. ஆனால் அதிலுள்ள ஒவ்வொன்றும் வேறு யாரோ பார்த்தது. சின்னப் படங்களில் ஒன்றான பாட்டி வீட்டுக் குசினிக் கதவு நீயே பார்த்தது. அதை எப்படிச் "சும்மா" என்கிறாய்?

சின்னது பயிற்சி, பெரியதுதான் ஓவியம் என்று யாரோ உனக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். அது அப்படியில்லை. ஓவியர் வெர்மீர் வரைந்த லேஸ் பின்னும் பெண் பாரிஸ் லூவரில் இருக்கிறாள். அந்தப் படத்தின் உயரம் 24 சென்டிமீட்டர் சொச்சம், அகலம் 21. டென்மார்க்கின் ஹாமர்ஷோய் 1898 முதல் 1909 வரை கோபன்ஹேகனில் ஒரே வீட்டில் குடியிருந்து, அதன் அறைகளையே திரும்பத் திரும்ப வரைந்தார். திறந்த கதவு, வெறும் சுவர், முதுகு காட்டி நிற்கும் மனைவி, அவ்வளவுதான். நம் மலேசியாவிலேயே சியா யூ சியான் என்ற ஓவியர் இருந்தார். ஜோகூர்க்காரர், 1959இல் பாரிஸுக்குப் படிக்கப் போனவர். திரும்பி வந்து கோலாலம்பூரின் அன்றாடத்தை, ஆஸ்பத்திரி வார்டுகள் உட்பட, வரைந்து தள்ளினார். 2019இல் இல்ஹாம் கலைக்கூடத்தில் அவருக்குப் பெரிய கண்காட்சி வைத்தார்கள். அந்தப் படங்களைத் தேடிப் பார்.

எழுத்திலும் இப்படித்தான். நம் பெடோங்கில் பிறந்த கே.எஸ்.மணியம் 1981இல் 'தி ரிட்டர்ன்' நாவலை எழுதியபோது எல்லாத் தோட்டங்களையும் அதற்குள் அடைக்கவில்லை. ஒரு சலவைத் தொழிலாளியின் குடும்பம், அந்த மனிதர் மண்ணுக்காகவும் வீட்டுக்காகவும் பட்ட பாடு, அதுவே போதுமாக இருந்தது.

பாட்டி இருந்த தோட்டத்து லயத்து வீட்டைப் பற்றி ஒன்று சொல்கிறேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு எத்தனை மணிக்குப் போவது, எந்த நிரையில் வெட்டுவது, வீட்டு வெளிச்சுவருக்கு என்ன சாயம், எல்லாவற்றையும் நிர்வாகம்தான் முடிவு செய்தது. உள்ளே எந்தத் தட்டை எங்கே கவிழ்ப்பது, சாமி படத்துக்குப் பக்கத்தில் யார் போட்டோ, பழைய காலண்டரைக் கழற்றாமல் ஏன் விட்டுவைப்பது, இதை மட்டும் உன் பாட்டி முடிவு செய்தார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல இடங்களில் செம்பனையும் போய்க் குடியிருப்புத் தாமான் வந்துவிட்டது. துரை பங்களாவுக்குப் பழைய போட்டோக்கள் நிறைய உண்டு. அந்தத் தட்டு அடுக்கை யாரும் படமெடுத்து வைக்கவில்லை. நீ தேடும் சரித்திரம் அந்தக் குசினியில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி படங்களுக்கு வருகிறேன். குசினியை நீ மத்தியானத்தில் வரைந்திருக்கிறாய். நிழல்கள் அப்படித்தான் சொல்கின்றன. நம் கெடா பூமத்திய ரேகைக்கு ஆறு பாகை வடக்கே கிடக்கிறது. பகல் ஒரு மணிவாக்கில் நிழல் காலடியில் சுருண்டுவிடும். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளியதிலிருந்து நமக்கு விடிவதே ஏழு மணிவாக்கில்தான். ஆகவே எட்டு மணியிலிருந்து ஒன்பதரைக்குள் உட்கார். அந்நேரத்து வெளிச்சம் படுத்தபடி உள்ளே வரும், சாய்த்துத் திறக்கும் கண்ணாடிப் பட்டைகள் வழியே சுவரில் கோடு கோடாக விழும். அந்தக் கோடுகள் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். முதலில் அவற்றின் இடத்தைப் பென்சிலில் குறித்துவிடு, பிறகு வெளிச்சத்தைத் துரத்தாதே. மத்தியானமே வரைவதானால் மேலே பார். வாசல் சிமெண்டில் பட்ட வெயில் எகிறி வந்து சீலிங்கை வெளுக்க வைக்கும். தரையைவிடச் சீலிங் பளிச்சென்று இருக்கும். அதுவும் வரைய அருமையான வெளிச்சம். கும்பகோணத்தில் படித்த ஓவியர் இளையராஜாவின் படங்களை எனக்கு அனுப்பினாய் அல்லவா? 2021இல் கொரோனா அவரைக் கொண்டுபோனது இன்னும் எனக்கு ஆறவில்லை. அவர் படத்துப் பெண்களின் முகத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். நீ வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார். ஆனால் அந்தச் சோழநாட்டு வெளிச்சத்தைப் பாட்டியின் தகர வீட்டுக்குள் கொண்டுவந்து ஊற்றாதே.

கரிபிடித்த சுவருக்கு ட்யூபிலிருந்து கறுப்பை அப்படியே பிதுக்கியிருக்கிறாய். அங்கே படத்தில் பொத்தல் விழுந்ததுபோல் இருக்கிறது. அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்து பார். நீலம் தூக்கலாக இருந்தால் குளிர்ந்த கருமை வரும், பழுப்பு தூக்கலாக இருந்தால் புகையேறிய பலகையின் கருமை. அடுப்புக்குப் பக்கத்தில் ஒன்று, ஜன்னலுக்குப் பக்கத்தில் மற்றது.

கடைகளுக்கு முன்னுள்ள அஞ்சடி நடைபாதையில் மெஷின் போட்டிருக்கும் தையல்காரர் படம் எனக்கு நிரம்பப் பிடித்திருக்கிறது. பின்னால் மணிக்கூண்டு எதற்கு? லிம் லியன் தெங் 1936இல் கட்டித் தந்தது, சுங்கைப் பட்டாணிக்கே அடையாளம், எல்லாம் சரி. அவருக்குத் துணியும் ஊசியும்தான் கண்ணில் இருக்கின்றன. ஊர்ப் பெயரை நிரூபிக்க வந்து நிற்கும் மணிக்கூண்டை எடுத்துவிடு. தூணின் ஈர நிறமும், தரை மொசைக்கில் சிதறிய துணித்துண்டுகளும் ஊரைச் சொல்லிவிடும். கையகலத்துக்குள் வரைவதில் இதுதான் பெரிய பயன்: தேவையில்லாததற்கு இடமே கிடைக்காது.

மாடிப்படிப் படத்தில் கை வைக்காதே, அது முடிந்துவிட்டது. டியூஷன் வகுப்பு நாற்காலிகளை ட்யூப்லைட் எரியும்போது மறுபடி பார். அந்த வெளிச்சத்தில் இருக்கும் மெல்லிய பச்சையை நீ விட்டுவிட்டாய்.

படங்களை வெளிச்சுவரில் ஒட்டி வைக்காதே, மழைக்காலத்தில் தாளில் பூஞ்சைப் புள்ளி விழும். பிளாஸ்டிக் உறைக்குள் மூடியும் வைக்காதே.

தீபாவளிக்கு வரும்போது குசினியை இதே அளவில் காலையில் ஒரு தரம் வரைந்து கொண்டு வா, பக்கத்தில் வைத்துப் பேசலாம். அந்தப் பெரிய கேன்வாஸுக்கு முன்பணம் கட்டிவிட்டாயா? கட்டவில்லையென்றால் அந்த வெள்ளிக்கு 300 ஜி.எஸ்.எம். பருத்தித் தாள் வாங்கிக்கொள். கட்டிவிட்டாயென்றால் வரட்டும், கடைக்காரரிடம் சொல்லிச் சின்னச் சின்னச் சட்டங்களாக அடித்து வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அத்தை