மழுப்பாத சீட்டுக்கட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வாங்கியிருக்கும் ஆரக்கிள் சீட்டுக்கட்டின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கின்றன. ரீடிங்குக்கு, அதாவது சீட்டு எடுத்துப் பலன் சொல்ல, இது சரிப்பட்டு வருமா, ஆபீஸ் தோழிகளுக்குப் பார்த்துச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறாய். உனக்கு நீயே பார்த்துக்கொள்ளும் வரை எந்தக் கட்டானாலும் பெரிய கேடில்லை. இன்னொருத்தியின் வாழ்க்கையைப் பற்றி வாய் திறக்கப் போகிறாய் என்றால் கட்டைச் சோதித்துத்தான் ஆகவேண்டும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளை நடக்கப்போவது அச்சடித்த அட்டைக்குத் தெரியும் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஒரு நல்ல படம், மனசுக்குள் முடங்கிக் கிடக்கும் பேச்சை வெளியே கொண்டுவரும். அதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான் இன்னும் சீட்டு பார்க்கிறேன். ஆகவே பலிக்கிறதா என்று கட்டை அளக்காதே. எதிரே உட்கார்ந்திருப்பவரைத் தனக்குத்தானே உண்மை சொல்லிக்கொள்ள வைக்கிறதா என்று பார்.

"எந்தச் சீட்டை எடுத்தாலும் எனக்காகவே எழுதின மாதிரி இருக்கு சித்தி" என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரிதான் எனக்குக் கவலை தந்தது. 1948ல் அமெரிக்காவில் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணத் தேர்வு வைத்தார். சில நாள் கழித்து ஆளுக்கொரு முடிவைக் கொடுத்து, தனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள்தான். கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து வாக்கியங்களைப் பொறுக்கி அவர் கோத்துக் கொடுத்தது அது. மதிப்பு வேண்டும் என்று ஏங்குகிறாய், உன்னையே குறை சொல்லிக்கொள்கிறாய் என்ற தினுசில் எழுதினால் யாருக்குத்தான் பொருந்தாது?

உன் கட்டிலும் இதைச் செய்து பார். ஒரு சீட்டை எடுத்து, கையேட்டில் போட்டிருக்கும் பலனை அம்மாவுக்குப் படித்துக் காட்டு. பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையனுக்குப் படி. தாத்தாவுக்கும் படி. மூன்று பேரும் "ஆமா, சரிதான்" என்று தலையாட்டினால் அந்தச் சீட்டு எதையுமே சொல்லவில்லை. ஒருவராவது "இது எனக்கு இல்லை" என்று மறுக்கும்படி பேசும் சீட்டு எத்தனை இருக்கிறது என்று எண்ணிக்கொள்.

அடுத்தது, என்னைப் பொறுத்தவரை முக்கியமானது. நீ அனுப்பிய 44 படங்களில் ஒன்றாவது முகம் சுளிக்கிறதா? நான் பார்த்த வரை இல்லை. எல்லாம் வைகறையும் சிறகும் தாமரையும்தான்.

லெனார்மண்ட் என்ற குறிசொல்லும் கட்டோடு ஒப்பிட்டுப் பார். அதில் 36 சீட்டு. ஜெர்மனியில் நியூரம்பெர்க்கில் 1799 வாக்கில் வந்த 'நம்பிக்கை விளையாட்டு' என்ற ஆட்டம்தான் அதற்கு மூலம். யோஹான் காஸ்பார் ஹெக்டல் என்பவர் உருவாக்கியது. சீட்டுகளை ஆறுக்கு ஆறாகப் பரப்பி, பகடை உருட்டிக் காய் நகர்த்துவார்கள். பாரிஸில் பேர்பெற்ற குறிகாரியான மேரி ஆன் லெனார்மண்ட் 1843ல் இறந்துபோன பிறகு அவர் பெயரை அந்தச் சீட்டுகளுக்குச் சூட்டி விற்றார்கள். வீட்டில் பொழுது போக்குவதற்கு வந்த ஆட்டம்தான். ஆனாலும் அதில் மேகம், பாம்பு, சவப்பெட்டி, அரிவாள், சாட்டை, நரி, வழியை மறிக்கும் மலை, எலி, சிலுவை எல்லாம் உண்டு. கால்வாசிச் சீட்டு கசப்பு. அந்தக் கசப்பு இருப்பதால்தான் அங்கே சூரியன் விழுந்தால் அதற்கு ஒரு மதிப்பு.

ஒரு கண்காட்சியில் ரீடிங் மேஜைக்குப் பக்கத்தில் நின்றபோது கண்டதை உனக்குச் சொல்லவேண்டும். உன் வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அடித்து வெளியே தள்ளிய கணவனிடம் திரும்பிப் போகலாமா என்று கேட்டாள். கேட்கும்போதே குரல் கம்மிவிட்டது. வந்த சீட்டில் ரோஜாத் தோட்டம், இறக்கை விரித்த தேவதை, கீழே 'மன்னிப்பு' என்று ஒரே ஒரு சொல். சீட்டு பார்த்தவர் கையேட்டில் இருந்ததை இனிமையாக எடுத்துச் சொன்னார். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றி சொல்லி எழுந்து போனாள். மேஜையில் பரப்பியிருந்த மற்றச் சீட்டுகளை நான் பார்த்தேன். போகாதே என்றோ, உன்னைக் காத்துக்கொள் என்றோ சொல்லக்கூடியது ஒன்றுகூட இல்லை. அவள் எதை எடுத்திருந்தாலும் அதே பதில்தான் கிடைத்திருக்கும். கஷ்டத்தில் வந்தவளுக்கு அந்தக் கட்டு செய்தது துரோகம் என்றே நான் சொல்வேன்.

உருவாக்கியவரின் புகழை வைத்தும் ஒரு கட்டை எடை போடாதே. தேவதைச் சீட்டுகளை உலகம் முழுக்கப் பரப்பிய டொரீன் வர்ச்சூ, 2017ல் கிறித்தவ நம்பிக்கைக்கு மாறி, தன் சீட்டுகளைத் தானே மறுத்துவிட்டார். அவர் கைவிட்ட கட்டுகளை வைத்து இன்றும் பலர் பலன் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி படத்துக்கு வருவோம். சீட்டின் கீழே இருக்கும் சொல்லை ஒரு துண்டுத் தாளால் மறைத்துக்கொண்டு, படத்தை மட்டும் பார்த்துப் பேச முடிகிறதா என்று பார். 1909ல் லண்டனில் வெளியான டேரட் கட்டு இன்றும் நிலைத்து நிற்பதற்குக் காரணம் இதுதான். ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டமிட்டார், பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். அதற்கு முன் பெரும்பாலான கட்டுகளில் எண் சீட்டு என்றால் அத்தனை கோப்பை, அத்தனை வாள் என்று எண்ணிக்கைக்குத்தான் இருக்கும். ஸ்மித் எண் சீட்டுகளிலும் மனிதர்களைக் கொண்டுவந்தார்.

அதில் நாணயம் ஐந்து என்ற சீட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பார். பனி கொட்டுகிறது. முக்காடிட்ட ஒரு பெண் வெறுங்காலோடு நடக்கிறாள். கூடவே ஊன்றுகோல்களை ஊன்றியபடி ஒருவன். அவன் கழுத்தில் சின்ன மணி தொங்குகிறது. தலைக்கு மேலே விளக்கு எரியும் கோயில் ஜன்னல், வண்ணக் கண்ணாடி. ஐந்து நாணயங்களும் அந்தக் கண்ணாடியில்தான் இருக்கின்றன. வேலை போனவர் முன்னால் இதை வைத்தால் ஊன்றுகோலைப் பற்றிப் பேசுவார். சொந்தக்காரர் வீட்டில் அவமானப்பட்டவள் ஜன்னலைப் பற்றிப் பேசுவாள். சிலர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "உள்ளே போகக் கதவு எங்கே?" என்று கேட்பார்கள். படத்தில் கதவு கிடையாது. அந்தக் கேள்வி வந்தபிறகு நான் ஒன்றும் சொல்லவேண்டியிருக்காது. அவர்களே பேசிக்கொண்டு போவார்கள். உன் கட்டில் இப்படி ஒருவரைப் பத்து நிமிஷம் பேச வைக்கும் படம் எத்தனை தேறும்?

நம் ஊரில் பார்க்கப்போகிறாய் என்பதால் இன்னொன்றையும் கவனி. கிளி ஜோசியத்தில் கிளி எடுத்துப் போடும் அட்டையில் முருகன் இருப்பார், அம்மன் இருப்பாள், மாதாவும் ஏசுவும் இருப்பதுண்டு. படத்தின் கதை கேட்பவருக்கு ஏற்கெனவே தெரியும், அதனால் பேச்சு தானாக ஓடும். வெளிநாட்டுக் கட்டில் அந்த வசதி இல்லை. உன் கட்டில் ஆந்தை இருக்கிறது. கையேடு ஞானம் என்கிறது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஆந்தை அலறினால் வீட்டில் ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று அடிவயிறு கலங்கும். லெனார்மண்டில் பாம்பு என்றால் வஞ்சகம், சுற்றிவளைப்பு. வெள்ளிக்கிழமை புற்றுக்குப் பால் ஊற்றும் வீட்டில் அது பிள்ளை வரம் தரும் நாகம். அதே கட்டின் நங்கூரத்தைப் பார்த்து கோயம்புத்தூர்க்காரிக்கு என்ன தோன்றும்? காசிமேட்டுப் படகுக்காரர் வீட்டில் வேறு பேச்சு வரும். இப்படி முரண்படும்போது கையேட்டை மூடி வைத்துவிட்டு, எதிரே இருப்பவரிடம் "உங்களுக்கு ஆந்தைன்னா என்னங்க?" என்று கேள். அவர் சொல்வதுதான் அன்றைக்குப் பொருள். கேட்டும் ஒன்றும் எழாத படங்கள் பாதிக்கு மேல் இருந்தால், அந்தக் கட்டு இந்த மண்ணில் உனக்குப் பயன்படாது.

ஒரே அர்த்தத்தை நாலு பெயரில் சொல்லும் சீட்டுகளையும் பார்த்து ஒதுக்கு. 'விட்டுவிடு', 'சரணடை', 'ஓட்டத்தோடு போ', 'நம்பு' என்று நாலு இருந்தால் உண்மையில் ஒன்றுதான் இருக்கிறது. லெனார்மண்டில் கப்பலும் கடிதமும் சேர்ந்தால் தூரத்துச் செய்தி; மீன் பணம், அதன் பக்கத்தில் எலி வந்தால் பணம் கரைகிறது. 36 சீட்டை முன்பின்னாக இரண்டிரண்டாக வைத்தால் 1,260 சேர்க்கை கிடைக்கும். உன் கட்டில் இரண்டு சீட்டைப் பக்கத்தில் வைத்தால் மூன்றாவதாக ஒரு பொருள் பிறக்கிறதா என்று பார்.

கைக்கு அடங்குவதும் முக்கியம். சாதாரண டேரட் சீட்டு ஏறக்குறைய 7 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம். ஆரக்கிள் சீட்டுகள் பலவும் அதைவிட அகலம். உன் சின்னக் கைக்குக் கலைப்பது கஷ்டம். ஒழுங்காகக் கலையாத கட்டில் நேற்று வந்த சீட்டே இன்றும் வரும், அதைப் போய் விதியின் செய்தி என்று எடுத்துக்கொள்வார்கள். முடியாவிட்டால் மேஜையில் கவிழ்த்துப் பரப்பி இரண்டு கையாலும் துழாவிக் கலை. பொன்முலாம் பூசிய ஓரங்கள் புதிதில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றாகப் பிரித்துவிடு. தலைகீழாக விழும் சீட்டையும் கணக்கில் எடுப்பாயானால் பின்பக்க அலங்காரம் இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கவேண்டும், இல்லையென்றால் எடுக்கும் முன்பே தெரிந்துவிடும். நம்பமுடியாத மலிவில் ஆன்லைனில் கிடைப்பது பெரும்பாலும் திருட்டு அச்சு. கையேட்டுக்குப் பதில் ஒரு க்யூஆர் குறி, மெல்லிய அட்டை, மங்கிய நிறம். வரைந்த கலைஞருக்கு அதில் ஒரு பைசா போகாது. வாங்காதே.

கட்டையே பேட்டி எடுப்பது என்று ஒரு வழக்கம் இருக்கிறது: உன் பலம் என்ன, பலவீனம் என்ன என்று அதனிடமே கேட்டுச் சீட்டு எடுப்பது. அதில் தெரிவது ஒன்றுமில்லை. சாம்பிராணி காட்டுவதாலும் நிலா வெளிச்சத்தில் வைப்பதாலும் உன் மனம் ஒருமைப்படும் என்றால் செய். கட்டின் தரம் அதனால் ஏறாது. முதல் கட்டைப் பிறர்தான் பரிசாகத் தரவேண்டும் என்பதும் வெறும் பேச்சு.

ஒரு நோட்டு போட்டுக்கொள். தேதி, கேள்வி, வந்த சீட்டுகள், நீ சொன்னது, கேட்டவர் சொன்னது. தவறாமல் எழுது. பொருந்தியது நினைவில் நிற்கும், பொருந்தாதது மறந்துபோகும். நோட்டு இரண்டையும் வைத்திருக்கும். நாலைந்து மாதம் கழித்துப் புரட்டினால், எந்தச் சீட்டு வந்தபோது பேச்சு திறந்தது, எந்தச் சீட்டு வந்தபோது நீ கையேட்டையே ஒப்பித்தாய் என்று தெரிந்துவிடும். கட்டை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை அப்போது முடிவு செய்.

நோய், கர்ப்பம், கோர்ட்டு வழக்கு, சாவு பற்றிய கேள்விக்கு எந்தக் கட்டிலும் சீட்டு எடுக்காதே. டாக்டரிடமோ வக்கீலிடமோ போகச் சொல். அடிவாங்குகிறேன் என்று ஒருத்தி சொன்னால் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, 181 என்ற பெண்கள் உதவி எண்ணை எழுதிக் கொடு.

இப்போது கையில் இருக்கும் கட்டைத் தூக்கிப் போடவேண்டாம். உன் காலைநேர அமைதிக்கு அது போதும். தோழிகளுக்குப் பார்ப்பதை மட்டும் நிறுத்தி வை. இந்த ஞாயிற்றுக்கிழமை அதிலிருந்து பத்துச் சீட்டை எடுத்து, சொல்லை மறைத்து, உன் அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் காட்டு. நீ குறுக்கே பேசாதே. அவள் எந்தப் படத்தில் நின்றாள், எதைத் தள்ளிவிட்டாள், என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
சித்தி